கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ

1

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தாரென்றால், எதிரில் இருப்பவர் கேட்கிறாரோ இல்லையோ, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

"எம் பொண்ணு லண்டன்ல வெள்ளைக்காரனுக்கே இங்கிலீஷ் கத்துக்குடுக்குது."

நான் இருப்பது லண்டன் இல்லை. அங்கிருந்து வடக்கே ரயிலில் போனால் வருகிற யார்க்‌ஷயர் பக்கம். பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். பஸ்ஸின் நெற்றியில் பெரிய ஊர்ப் பெயரைத்தான் எழுதுவார்கள், வழியில் வருகிற ஊர்களை யார் படிக்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

நான் இங்கே வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம் முடிகிறது. அதையொட்டி ஏதாவது எழுதுங்களேன் என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டார்கள். பனியையும் குளிரையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அதை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு என் வேலையில் பெருமை ஜாஸ்தி. அடக்கமாக எழுதத் தெரியாதா என்று கேட்பவர்கள் அப்பாவைப் போய்க் கேட்கலாம். அவரிடமிருந்து வந்த குணம்தான்.

ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் மாணவர்களுக்கு உயர்நிலை ஆங்கிலத் தொடர்புத்திறன் சொல்லித் தருகிறேன். இந்த மாணவர்கள் நாளை ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் ரத்தத்தையும் சதையையும் பரிசோதிக்கப் போகிறவர்கள். நோயாளியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை டாக்டருக்கும் முன்னால் தெரிந்துகொள்கிறவர்கள். ஆனால் தெரிந்துகொள்வது ஒரு வேலை, தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலை என்னுடையது.

வகுப்பில் பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். என் முதல் வருடத்தில் ஒரு பையன் கையைத் தூக்கி, மரியாதையாகத்தான், "நீங்களா எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரப்போகிறீர்கள்?" என்று கேட்டான். "இல்லை தம்பி, ஆங்கிலம் உன்னிடமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் சொல்லித் தரப்போகிறேன்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பதிலை நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பல்கலைக்கழகம் என்னை இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. என் பெயர் அருள்மொழி. அவ்வளவுதான் பெயர். ஆனால் அவர்களுடைய கணினிக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் சோறு இறங்காது. சேர்ந்த அன்று அலுவலகத்தில் இருந்த பெண் யோசித்துப் பார்த்துவிட்டு இரண்டு கட்டத்திலும் அருள்மொழி என்றே அடித்துவிட்டாள். இருபது வருடமாக என் அடையாள அட்டையில் நான் அருள்மொழி அருள்மொழி. எத்தனையோ மனு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மனுவுக்கும் பதில் வரும், "அன்புள்ள டாக்டர் அருள்மொழி அருள்மொழி" என்று.

2

ஷாஹிதா என் மாணவி. அவளுடைய முதல் வகுப்பு முடிந்ததும், எல்லோரும் போகட்டும் என்று ஓரமாகக் காத்திருந்தாள். அறை காலியானதும் கிட்டே வந்து தமிழில் கேட்டாள்.

"மேடம், நீங்க எந்த ஊரு?"

"திருவண்ணாமலை."

"திருவண்ணாமலைல எங்க மேடம்?"

"வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் பின்னாடி."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் வீடு தேரடி வீதிப் பக்கம். அவள் அத்தா, அதாவது அப்பா, வைத்திருப்பது பாத்திரக் கடை. எங்கள் அம்மா அந்தக் கடையில் பேரம் பேசாத நாளே கிடையாது. இங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் "அருள்" என்று கூப்பிட, இவள் மட்டும் "மேடம்" என்பாள்.

அவளுடைய ஆங்கிலம் மிக நல்ல ஆங்கிலம். கட்டுரையில் எப்போதும் முதல் வரிசை. அப்படிப்பட்டவள் வாய்மொழித் தேர்வில் தோற்றுப்போனாள்.

தேர்வு இதுதான். மாணவர் ஆய்வகத்தில் இருப்பதுபோல ஓர் அறையில் உட்கார வேண்டும். கையில் ஒரு பரிசோதனை முடிவு கொடுப்போம். பக்கத்து அறையில் எங்கள் துறையைச் சேர்ந்த ஹெலன், வார்டு நர்ஸாக நடிப்பார். போன் செய்து முடிவைச் சொல்ல வேண்டும். ஷாஹிதாவுக்கு வந்தது, ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. அந்த அளவுக்கு ஏறினால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். நான் யார், எந்த நோயாளி, என்ன அளவு, எவ்வளவு ஆபத்து என்று வரிசையாகச் சொல்லி, கேட்டவரை அதைத் திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஷாஹிதா பிசிறில்லாத ஆங்கிலத்தில் பேசியது தமிழில் இப்படி வரும்: "வணக்கம் சிஸ்டர், நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் பயப்பட வேணாம். உங்க வார்டுல ஒருத்தருக்கு ரத்தத்துல ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கு. டாக்டருக்கு நேரம் கிடைச்சா ஒரு வாட்டி பார்த்துட்டா நல்லது."

ஹெலன் "ரொம்ப நன்றி, சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார். உண்மையான வார்டாக இருந்தால் அந்த நோயாளியின் கதை அன்றே முடிந்திருக்கும்.

இரண்டாவது வாய்ப்பு மூன்று வாரம் கழித்து. அதிலும் தோற்றால் அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பயிற்சி வருடம் கிடைக்காது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் பட்டம் கையில் இருக்கும், அந்த வேலையைச் செய்ய உரிமை இருக்காது. அத்தனை தூரம் அவளை அனுப்பிவைத்த அவள் அத்தாவுக்கு அதைப் புரியவைப்பது எப்படி என்பதுதான் அவள் கவலையெல்லாம். கழிவறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள்.

துறைக் கூட்டத்தில் ஹெலன், "பாவம், அவளுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை. அதற்கு ஒரு பயிலரங்கு இருக்கிறது, அனுப்பலாம்" என்றார். நல்ல மனுஷி, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

"தன்னம்பிக்கை எல்லாம் நிறைய இருக்கிறது ஹெலன். அவள் செய்தது எங்கள் ஊர் மரியாதை. கெட்ட சேதியை நாங்கள் போனில் நேராகச் சொல்ல மாட்டோம். செத்தே போயிருந்தாலும் 'கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ' என்றுதான் சொல்வோம். கேட்பவர் தனியாக இருப்பார், மயங்கி விழுந்துவிட்டால் யார் பிடிப்பது? அந்தக் கரிசனம்தான்."

"அப்படியானால் உண்மை என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று கேட்டார்.

"சொன்னதை விட்டுவிடுவோம். குரலைக் கேட்போம்."

பிறகு இன்னொன்றும் சொன்னேன். உங்கள் பிள்ளைகளும்தான் "தொந்தரவுக்கு மன்னிக்கவும், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்து, ஆளே பிழைக்க மாட்டார் என்கிற முடிவைக் கடைசியில் சொல்கிறார்கள். அவர்கள் சுற்றி வளைக்கிற பாதை உங்களுக்குப் பழக்கம், அதனால் பாஸ் போடுகிறீர்கள். இவள் வளைக்கிற பாதை எனக்குத்தான் பழக்கம். பயிலரங்கு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஹெலன் சிரித்துவிட்டுச் சரி என்றார். அன்று நான் நடந்து போன நடையை அப்பா பார்த்திருக்க வேண்டும்.

3

அந்த நடை இரண்டே நாள்தான் நீடித்தது.

வகுப்பு இடைவேளையில் தம்பி குமரன் போன் செய்தான். அவன்தான் ஊரில் அப்பாவோடு இருக்கிறான்.

"அக்கா, நல்லா இருக்கியா? சாப்டியா?"

"என்னடா இந்த நேரத்துல?"

"ஒண்ணும் இல்லக்கா. பயப்படாத. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல. முடிஞ்சா ஒரு நடை வந்துட்டுப் போ."

அம்மா இறந்தபோதும் அவன் இதே வார்த்தையைத்தான் சொன்னான். கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ. நான் அதை நம்பி, வழியில் அம்மாவுக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிக்கொண்டு போனேன். தெரு முனையில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த ஸ்வெட்டர் இன்னும் விலைச்சீட்டோடு என் அலமாரியில் இருக்கிறது.

அதனால் இந்த முறை நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டான். கேட்டுப் பதில் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. விடுப்பு சொல்லிவிட்டு அன்றைக்கே விமானம் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அப்பாவோடு கடைசியாகப் பேசியபோது, லண்டன் என்று சொல்லாதே என்று அவரைக் கடிந்துகொண்டது வேறு ஞாபகத்துக்கு வந்து வதைத்தது.

சென்னையிலிருந்து கார். செஞ்சி தாண்டி, கீழ்பென்னாத்தூர் தாண்டி, மலை தெரிய ஆரம்பித்தது. எங்கள் தெருவில் வண்டி திரும்பும்போது பந்தல் இருக்கிறதா, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே அப்பா வலது கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் பஜ்ஜி தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா! என்னா திடீர்னு? லீவா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்திருக்கிறது. அவ்வளவுதான். குமரன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன்டா, கை உடைஞ்சிருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்க்கா!"

அவன் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான் என்று தெரிந்தது. அடிக்கவும் முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்த என் மகள் நிலாவுக்கு உண்மை முன்பே தெரியும். பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஜாதி. தமிழில் பேசினாலும் சுற்றி வளைக்கத் தெரியாது, கல்லை எறிகிற மாதிரிதான் பேசுவாள். பிள்ளை நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாளே என்று நான் புலம்பாத நாளில்லை. நான் விமானத்தில் இருந்த நேரத்தில் அவள் மாமாவைக் கூப்பிட்டு, "மாமா, தாத்தா உயிரோட இருக்காரா, செத்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். குமரன் பதறிப்போய், "ஐயையோ, கைதான்மா ஒடஞ்சிருக்கு!" என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து என் போனைத் திறந்தபோது அவளுடைய செய்தி அதில் இருந்தது. சென்னையில் இறங்கிய நான் அழுத அழுகையில் போனைத் திறக்கவே இல்லை.

"என்னக்கா புள்ள இப்படிக் கேக்குது, கொஞ்சம்கூட நாசூக்கு இல்லாம" என்று குமரன் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல் போனதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

வந்ததுதான் வந்தோம், அப்பாவுக்குக் கை கொஞ்சம் ஆறட்டும் என்று விடுப்பை நீட்டிக்கொண்டேன். ஷாஹிதாவின் மறுதேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாடி அறையில் மடிக்கணினியை வைத்து, தினமும் சாயங்காலம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். நான் வார்டு நர்ஸ், அவள் ஆய்வகம். எங்கள் சாயங்காலம் அவளுக்கு மதியம்.

முதல் நாள் "பயப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தாள். அதை வெட்டினேன். மறுநாள் "ஒரு சின்ன விஷயம்" என்றாள். அதையும் வெட்டினேன். அதற்கடுத்த நாள் அளவைச் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று முடித்தாள்.

"ஏம்மா, நடக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். ஆனா எண்ணை மட்டும் சொல்லிட்டு வெச்சா, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு."

இதைவிடப் பெரிய சிக்கல், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. அதற்கு அவள் நாக்கு எழவே இல்லை.

"அவங்க டாக்டரா இருந்தா மேடம்? பெரியவங்களா இருந்தா? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கன்னா, ஸ்கூல் புள்ளைய ஒப்பிக்கச் சொல்ற மாதிரி ஆவாதா? எங்கத்தாகிட்ட நான் அப்படிக் கேப்பனா?"

எனக்குத் தெரிந்த பாடம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எண்ணை எப்படி உடைத்துச் சொல்வது, ஆபத்தைக் குறிக்கிற சொல்லை எங்கே வைப்பது. எல்லாம் அவளுக்குப் புரிந்தது, எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. ஹெலனிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார் தட்டிவிட்டு வந்தவளுக்கு, அந்த வாரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

5

பௌர்ணமி வந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கிரிவலம் போக லட்சக்கணக்கில் ஜனம் வரும். ஊருக்குள் பஸ் வராது. ஊரின் ஒவ்வொரு எல்லையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போடுவார்கள். எங்கள் பக்கம் போட்டதில் மைக் செட்டும் கட்டியிருந்தார்கள். எந்த பஸ் எங்கே நிற்கிறது, யாரை யார் தொலைத்தார்கள் என்று சாயங்காலத்திலிருந்தே அது கத்திக்கொண்டிருந்தது.

அன்றும் ஷாஹிதாவோடு பயிற்சி. அவள் வழக்கம்போல "சிஸ்டர், நீங்கள் பிஸியாக இருந்தால் பிறகு பேசுகிறேன்" என்று ஆரம்பித்தாள். நான் ஜன்னலை மூடலாம் என்று எழுந்தேன். மைக்கில் குரல் வந்தது.

"கள்ளக்குறிச்சியில் இருந்து வந்திருக்கும் ராஜேந்திரன், கள்ளக்குறிச்சி ராஜேந்திரன், உங்கள் மனைவி செல்வி இங்கே போலீஸ் கூடாரத்தில் காத்திருக்கிறார். வேலூர் ரோடு தற்காலிகப் பேருந்து நிலையம், போலீஸ் கூடாரம். உடனே வரவும்."

"மேடம், மூடாதீங்க" என்றாள் ஷாஹிதா.

"சத்தமா இருக்கேம்மா."

"இல்ல மேடம், மூடாதீங்க. நம்ம மைக்கு."

அவள் கண் மூடிக் கேட்டாள். மைக்கில் அடுத்த அறிவிப்பு வந்தது, ஓர் ஆந்திரா குழுவுக்காகத் தெலுங்கில். அதுவும் முடிந்தபிறகு அவள் சொன்னாள்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது தீபத்தன்னிக்குக் காணாமப் போயிட்டேன் மேடம். கடையில கூட்டம் ஜாஸ்தி, நான் பலூன் பின்னாடி போயிட்டேன். போலீஸ்காரங்க கூடாரத்துல கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. மைக் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு அண்ணன் பேசினாரு. 'தேரடி வீதி பாத்திரக் கடை பாய், உங்கள் மகள் ஷாஹிதா இங்கே கூடாரத்தில் இருக்கிறாள், உடனே வரவும்.' ரெண்டு வாட்டி. அவ்ளோதான்."

"பயப்படாதீங்கன்னு சொல்லலையா?"

"சொல்லவே இல்ல மேடம். நல்லா இருக்கீங்களான்னும் கேக்கல. 'கொஞ்சம் காணோம்'னு சொன்னாங்கன்னா யாரு வருவாங்க?" அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் யோசித்து யோசித்துப் பேசினாள். "எங்கத்தா ஓடி வந்தாங்க. வந்ததும் என்னைக் குடுக்கல. 'உங்க பொண்ணு பேரு என்னா, என்னா கலரு டிரஸ்ஸு, சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. அத்தா எல்லாம் சொன்னாங்க. அப்புறந்தான் விட்டாங்க. எங்கத்தா கோச்சுக்கவே இல்ல மேடம். அந்த அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."

மைக் பேசிக்கொண்டே இருந்தது. செங்கம் பஸ் எங்கே நிற்கிறது என்று சொன்னது.

"இன்னொரு வாட்டி போடுங்க மேடம்" என்றாள்.

நான் நர்ஸாகப் போனை எடுத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினாள். ஆய்வகத்திலிருந்து ஷாஹிதா. நான்காவது வார்டு, இன்ன நோயாளி, இன்ன பிறந்த தேதி. பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. ஏழு புள்ளி இரண்டு. மிக ஆபத்தான அளவு, டாக்டர் இப்போதே பார்க்க வேண்டும். நீங்கள் குறித்துக்கொண்டதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்.

குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு முரட்டுத்தனமும் இல்லை. இருபது வருடமாக நான் அந்த வகுப்பில் கேட்க ஆசைப்பட்ட ஆங்கிலம் அது. தேரடி வீதியிலிருந்து வந்தது. எனக்கு ஏற்பட்ட பெருமையை என்ன செய்வதென்று தெரியாமல், நர்ஸ் வேஷத்தை மறந்து, "ஆமாண்டி கண்ணு" என்றேன்.

"திருப்பிச் சொல்லுங்க மேடம்" என்றாள் கறாராக. சொன்னேன்.

6

மறுதேர்வு நாளில் நான் வேங்கிக்காலில்தான் இருந்தேன். தேர்வறையில் ஹெலனோடு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் தலைவரும் உட்காரப் போகிறார் என்று தெரியும். நான் அந்த அறைக்குள் போகவும் கூடாது, பேசவும் கூடாது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னும் போன் வரலையா? யாரும்மா அந்தப் பொண்ணு?"

"நம்ம தேரடி வீதி பாத்திரக் கடை பாய் பொண்ணுப்பா."

"அவரா! உங்கம்மாவுக்குக் குக்கர் குடுத்தவரு. அவரு பொண்ணு ஃபெயில் ஆவக் கூடாதும்மா."

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு குமரன் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்ததும் ஒலிபெருக்கியில் போடச் சொன்னான்.

"அருள்மொழி மேடமா?"

"ஆமாம்மா, சொல்லு."

"வேங்கிக்கால் அருள்மொழி மேடம்தானே?"

"ஆமாண்டி, சொல்லித் தொலை!"

"தேரடி வீதி பாத்திரக் கடை ஷாஹிதா பேசறேன். பாஸ் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரி வருஷம் கெடைச்சிடுச்சு. பாஸ் பண்ணிட்டேன். திருப்பிச் சொல்லுங்க மேடம்."

இருபது வருடம் பேசச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவளுக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து அப்பா, பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"பாஸ்! பாத்திரக் கடை பாய் பொண்ணு பாஸ்! ஆஸ்பத்திரி கெடைச்சிடுச்சு!"

போனில் ஷாஹிதா சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

"அத்தாகிட்ட சொல்லிட்டியா?"

"மொதல்ல அங்கதான் மேடம் சொன்னேன். இதே மாதிரிதான். பேரு, தெருவு எல்லாம் சொல்லி ஆரம்பிச்சனா, அத்தா என்னா ஆச்சோன்னு பயந்துட்டாங்க. உக்காந்துட்டாங்களாம். பாஸ்னு ரெண்டாவது வாட்டி சொன்னப்புறந்தான் எழுந்தாங்களாம்."

குமரன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

அப்பா அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். எதிரில் இருந்தவரிடம் வழக்கமான வாசகத்தை ஆரம்பித்தார். "எம் பொண்ணு லண்டன்ல..." பிறகு நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கெட்ட சேதிய எப்படிச் சொல்றதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குது" என்றார். எதிரில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு இதுவரை கிடைத்த பட்டங்களில் இதுதான் சரியானது என்று தோன்றியது. லண்டனை நான் திருத்தவில்லை.

7

திரும்பி வந்துவிட்டேன். ஷாஹிதா இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் இருக்கிறாள். முதல்முறையாக நிஜமான வார்டுக்கு, நிஜமான ஆபத்தான முடிவைச் சொல்ல நேர்ந்த அன்று எனக்குச் செய்தி அனுப்பினாள். யாருக்கு, என்னவென்று சொல்லக் கூடாது, சொல்லவில்லை. "திருப்பிச் சொன்னாங்க மேடம். நன்றின்னும் சொன்னாங்க" என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த நோயாளி யாரோ. அவருக்குத் திருவண்ணாமலை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிர்பாராத நேரத்தில் ஊர் எண்ணிலிருந்து போன் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் தோன்றும். எத்தனை வருடமானாலும் அது போகாது. போன வாரம் வகுப்பு முடிந்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது குமரனின் எண் அடித்தது. அவன் கூப்பிடுகிற நேரம் இல்லை. எடுத்தேன். நல்லா இருக்கியா, சாப்டியா என்று ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன்.

"அருள்மொழி அக்காவா?"

"ஆமாண்டா."

"வேங்கிக்கால் குமரன் பேசறேன். அப்பா நல்லா இருக்காரு. கட்டு பிரிச்சாச்சு. கைய மடக்கறாரு. அப்பா நல்லா இருக்காரு." அங்கே ஒரு நிமிடம் தயங்கினான். அக்காவிடம் அப்படிக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. "திருப்பிச் சொல்லுக்கா."

மாணவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் கேட்டால் என்ன என்று, சத்தமாகவே சொன்னேன்.

"அப்பா நல்லா இருக்காரு."

"இன்னொரு வாட்டி."

"அப்பா நல்லா இருக்காரு."